வாடகை வீட்டை அடமானம் வச்சு அடுத்த முதலீடு: பண்ணலாமா?

நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

மணலி, மாத்தூர், சின்னசேக்காடு பக்கம் சொந்தமா ஒரு கட்டடம், அதுல நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறவங்களுக்கு இப்போ வாரத்துக்கு ரெண்டு போன் வருது. "சார், வட்டி குறைஞ்சிருக்கு. உங்க பழைய ஹோம் லோனை நாங்க எடுத்துக்கறோம். கட்டடத்தோட மதிப்பு ஏறியிருக்கு, அதனால கூடுதலா 30 லட்சம் கைக்குத் தர்றோம். அதை வச்சு இன்னொரு ஃபிளாட் வாங்கிடுங்க. வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. எடுக்கலாமான்னு என்கிட்ட கேட்கிற பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு என் பதில் வேண்டாம். மீதி ரெண்டு பேருக்கு எடுங்கன்னு சொல்லியிருக்கேன். அந்த வித்தியாசம் எங்கே இருக்குன்னு சொல்லத்தான் இந்த இழை.

டாக்டருக்கு எதுக்கு லோன் பேச்சுன்னு சிலர் கேட்பாங்க. ஐம்பது வயசுக்கு மேல ஒருத்தர் புதுசா தூக்கம் வரலைன்னு வந்தா, புதுசா கடன் ஏதாவது இருக்கான்னு கேட்பேன். மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போடறவங்கள்ல எத்தனை பேர் இ.எம்.ஐ. கட்டறவங்கன்னு எங்க ஊர் மெடிக்கல் ஷாப்காரரைக் கேட்டாலே சொல்லுவார்.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கணும். இருக்கிற கடன் பாக்கியை அப்படியே குறைஞ்ச வட்டிக்கு வேற பேங்குக்கு மாத்தறது ஒரு விஷயம். அதே பாக்கி, அதே மிச்ச வருஷம், வட்டி மட்டும் குறையுது. செலவெல்லாம் கழிச்சு லாபம் நின்னா தாராளமா பண்ணுங்க. அதுல எனக்கு எந்தத் தகராறும் இல்லை. நான் பேசறது ரெண்டாவது வகையைப் பத்தி. மாத்தற சாக்கில் கடனையே பெருசாக்கி, மிச்சத்தைப் பணமா வாங்கி, அதை இன்னொண்ணுல போடறது. டாப்-அப், எல்.ஏ.பி., அடமானக் கடன்னு பேர் பலவிதம். ஏஜென்ட் ரெண்டையும் ஒரே மூச்சில் ரீபைனான்ஸ்னு சொல்லிடுவார்.

இப்போ கணக்குக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

வயசு 52. கட்டடம் 80 லட்சம் பெறும். நாலு போர்ஷன், தலா 8,000. மாதம் 32,000 வாடகை. பழைய ஹோம் லோன் பாக்கி 12 லட்சம், 8.5 சதவீதம், இ.எம்.ஐ. 18,000. இப்படியே போனா ஏழரை வருஷத்துல கடன் முடியும். அதுவரை மாதம் 14,000 கையில் நிக்குது. அறுபது வயசுல கடன் இல்லாத கட்டடம், முழு வாடகையும் பென்ஷன் மாதிரி.

ஏஜென்ட் சொல்றது 45 லட்சம் கடன், 10 சதவீதம், 15 வருஷம். பழைய 12 லட்சம் மூடியாச்சு, கையில 33 லட்சம். புது இ.எம்.ஐ. 48,357. அந்த 33 லட்சத்துல 30 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கறார்னு வைங்க. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2.7 லட்சம் பத்திர ஆபீசுக்குப் போயிடும். அந்த ஃபிளாட்டுக்கு வாடகை 9,000.

மொத்த வாடகை 41,000. இ.எம்.ஐ. 48,357. ஒரு போர்ஷன்கூட காலியா இல்லாம, ஒரு மோட்டார்கூட ரிப்பேர் ஆகாம, சொத்து வரி, மெயின்டனன்ஸ் எதுவும் கணக்குல சேர்க்காம, மாதம் 7,357 கையிலிருந்து போடணும். நேத்து வரைக்கும் 14,000 உள்ளே வந்த இடம் அது. மாதத்துக்கு 21,000 ரூபாய்க்கு மேல திசை மாறிடுச்சு. ஏழரை வருஷத்துல முடிய வேண்டிய பழைய 12 லட்சமும் இப்போ அதிக வட்டிக்கு 15 வருஷக் கடனுக்குள்ள கரைஞ்சு போச்சு. கடைசி இ.எம்.ஐ. கட்டும்போது வயசு 67.

"வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும்" என்பதில் யாரும் சொல்லாத எண் இது: 32.7 லட்சம் போட்டு வருஷத்துக்கு 1.08 லட்சம் வாடகை. அதாவது 3.3 சதவீதம். கடன் வட்டி 10 சதவீதம். நடுவுல இருக்கிற ஆறேமுக்கால் சதவீதத்தை யார் கொடுப்பா? ஃபிளாட்டோட விலை ஏறிக் கொடுக்கணும். வருஷா வருஷம் ஏழு சதவீதம் விலை ஏறினாத்தான் நீங்க நின்ன இடத்துலயே நிக்கிறீங்க. மனைக்கு அப்படி ஏறலாம். இருபது வருஷம் உப்புக் காத்து அடிக்கிற ஊர்ல, கம்பி துருப்பிடிக்கிற பழைய ஃபிளாட்டுக்கு ஏறுமா? மொட்டை மாடிக்குப் போய் சன்ஷேடைப் பாருங்க, தெரியும்.

திருவொற்றியூர் பக்கம் மெட்ரோ வந்ததைச் சொல்லுவாங்க. உண்மைதான், 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் ரயில் வந்துடுச்சு. ஆனா அந்த மதிப்பு, விக்கிறவர் சொல்ற விலையிலேயே ஏற்கெனவே சேர்ந்திருக்கு. நாளைக்கு வரப்போற ஏற்றத்துக்கு இன்னைக்கே காசு கொடுத்துட்டு, அதே ஏற்றத்தை நம்பி கடனும் வாங்கறோம்.

அடுத்து வட்டி. 2022 மே மாதம் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து ஏற ஆரம்பிச்சுது. 2023 பிப்ரவரியில 6.5. பத்து மாதத்துக்குள்ள ரெண்டரை சதவீதம். 2025ல் திரும்ப இறங்கி 5.25 வரைக்கும் வந்துச்சு. இந்த இறக்கத்தைக் காட்டித்தான் இப்போ போன் வருது. இறங்கினது ஏறும் என்பதை அந்த போன்ல சொல்ல மாட்டாங்க.

மேலே சொன்ன 45 லட்சம், கடன் எடுத்த கொஞ்ச நாள்லயே 10லிருந்து 12.5 ஆனா இ.எம்.ஐ. 55,463. ஏழாயிரம் கூடுது. "இ.எம்.ஐ.யை ஏத்த வேண்டாம், வருஷத்தை நீட்டுங்க"ன்னு சொன்னா என்ன ஆகும்? கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. 15 வருஷக் கடன் 28 வருஷமாகுது. முதல் மாத வட்டி மட்டும் 46,875. நீங்க கட்டற 48,357ல் அசலுக்குப் போறது 1,482 ரூபாய். 52 வயசுல எடுத்த கடன் 80 வயசுல முடியும். பேங்க் அவ்வளவு தூரம் நீட்டித் தராது, இ.எம்.ஐ.யை ஏத்தச் சொல்லும். அது வேற சிக்கல்.

இலங்கையில 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே நாள்ல வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏத்துச்சு. நம்ம ஊர்ல அப்படி நடக்கும்னு பயமுறுத்தல. மாறும் வட்டி என்பது எவ்வளவு மாறலாம் என்பதற்கு, கடல் தாண்டி பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு, அவ்வளவுதான்.

சரி, ஃபிளாட் வேண்டாம், அந்த 33 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்ட்ல போடறேன். 12 சதவீதம் வரும், கடன் 10 சதவீதம், ரெண்டு சதவீதம் லாபம். படிச்ச பசங்க அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கிற கணக்கு இது. காகிதத்துல தப்பே இல்லை. ஆனா 12 என்பது பல வருஷச் சராசரி, 48,357 என்பது ஒவ்வொரு மாதமும். சராசரியில ஆழம் நாலு அடிதான்னு சொல்ற ஆத்துல நீந்தத் தெரியாதவர் இறங்கற மாதிரி. விற்கும்போது லாபத்துக்கு வரி வேற, வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல போனா 12.5 சதவீதம். ரெண்டு சதவீத லாபத்துல மிச்சம் எவ்வளவு?

2020ஐ ஞாபகப்படுத்திக்கங்க. ஜனவரி உச்சத்துலேருந்து மார்ச் கடைசிக்குள்ள நிஃப்டி மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்துச்சு. அதே மார்ச்ல மணலியில லைன் வீட்டுல இருந்த பீகார், ஒடிசா பசங்க வேலை இல்லாம நின்னாங்க. அவங்ககிட்ட ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாதுன்னு மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகமே உத்தரவு போட்டுச்சு. நியாயமான உத்தரவு, எனக்கு அதுல மாற்றுக் கருத்தே இல்லை. அப்புறம் ரயில் விட்டதும் ரூம் ரூமா காலி. கடனுக்கு ரிசர்வ் பேங்க் ஆறு மாதம் தவணை தள்ளிப் போட வழி கொடுத்துச்சு, ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு. பங்குச் சந்தை, வாடகை, வேலை, உடம்பு நாலும் ஒரே மாதத்துல படுத்துச்சு. தனித்தனியா விழும்னு நம்பித்தான் எல்லாரும் கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க.

டாக்டரா நான் பார்க்கிறது இதைத்தான். நல்ல இதயம் ஓய்வுல எவ்வளவு ரத்தம் தள்ளுது என்பதோட விஷயம் முடியறதில்லை. மாடிப்படி ஏறும்போது அதுக்கு மேல எவ்வளவு தள்ள முடியும் என்பதுதான் முக்கியம். அந்தக் கூடுதல் தெம்பை ரிசர்வ்னு சொல்லுவோம். கடன் இல்லாத வாடகைக் கட்டடம் ஒரு குடும்பத்தோட ரிசர்வ். பொண்ணு பிரசவம் சிக்கலானா, வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைக்கணும்னா, அன்னைக்கு அந்தப் பத்திரத்தைக் காட்டிக் கடன் வாங்கலாம். சாதாரண நாள்லயே அதை முழுசா அடமானம் வச்சுட்டா, அசாதாரண நாளுக்கு எதை வைப்பீங்க?

முதலமைச்சர் காப்பீடு இருக்கேன்னு நினைப்பீங்க. அது ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குக் கீழே இருக்கிற குடும்பங்களுக்கு. மாதம் 32,000 வாடகை வாங்கறவர் அதுக்குள்ள வர மாட்டார். தனியா மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கணும். டாப்-அப் லோன் பத்திக் கேட்கிறவங்ககிட்ட நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி இது. பாதிப் பேர்கிட்ட பாலிசி கிடையாது. 2025 செப்டம்பர் 22லேருந்து தனிநபர், குடும்ப மெடிக்கல் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கூட இல்லை. 33 லட்சம் முதலீட்டுக்கு முன்னாடி அந்த வேலையை முடிங்க.

இனி நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம். மணலியில வாடகை எதை நம்பி நிக்குது? ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை, கெமிக்கல் கம்பெனிகள், கன்டெய்னர் யார்டுகள், எண்ணூர்த் துறைமுகம். ரிஃபைனரியில ஷட்டவுன் வேலை நடந்தா கான்ட்ராக்ட் ஆளுங்க வந்து ரூம் நிரம்பும். முடிஞ்சதும் போயிடுவாங்க. அதனால வருஷம் முழுக்க 12 மாத வாடகைன்னு கணக்குப் போடறவரை நான் நம்பறதில்லை, பத்து மாதம்னு போடுங்க. தொழிற்சாலையும் நிரந்தரம் இல்லை. 1970ல் ஓட ஆரம்பிச்ச எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்ல மூடினாங்க. அதைச் சுத்தி வாடகைக்கு விட்டவங்க யாரையும் கேட்டுட்டு மூடல.

அப்புறம் தண்ணி. 2015, 2021, 2023. கொசஸ்தலை ஆத்துல பூண்டி உபரி நீர் வந்தா மணலி புதுநகருக்கு என்ன ஆகும்னு அங்கே இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்துச்சு, எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படிஞ்சுது. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியாக் கசிவு. கண் எரிச்சல், மூச்சுத் திணறல்னு நடுராத்திரியில ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009லேயே மணலியை மிக மோசமா மாசுபட்ட தொழிற்பகுதிப் பட்டியல்ல வச்சிருக்கு. நான் இந்த ஊரைக் குறை சொல்லல. ஏற்கெனவே ஒரு கட்டடம் இங்கே வச்சிருக்கிறவர், அதையே அடமானம் வச்சு இன்னொண்ணையும் அஞ்சு கிலோமீட்டருக்குள்ள வாங்கினா, ஒரே வெள்ளம் ரெண்டையும் நனைக்கும். ரெண்டு சொத்துன்னு பேர்தான், ஆபத்து ஒண்ணு.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. பங்குல பணம் போனா பங்கோட போச்சு. அடமானம் வச்ச பணம் பங்குல போனா வீடு நடுவுல வந்துடும். தவணை 90 நாள் தாண்டினா கடன் வாராக்கடன். 2002ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அப்புறம் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கையகப்படுத்தி ஏலம் விடற வழி பேங்குக்கு இருக்கு. இதுல வாடகைக்கு இருக்கிறவங்க கொடுத்த அட்வான்ஸ் என்ன ஆகும்? நாலு குடித்தனத்துகிட்டயும் வாங்கி வச்சிருக்கிற அந்தப் பணமும் உங்க கடன்தான். லீஸுக்கு விட்டிருந்தா இன்னும் மோசம், ஒரே ஆளுக்கு லட்சக்கணக்குல திருப்பிக் கொடுக்கணும். ஏஜென்ட் போடற கணக்குல இந்த வரி இருக்காது.

இதெல்லாம் என் பயம் மட்டும் இல்லை. 2024 ஆகஸ்ட்ல பணக் கொள்கை அறிவிக்கும்போது அப்போதைய ரிசர்வ் பேங்க் ஆளுநர் சக்திகாந்த தாஸ் டாப்-அப் வீட்டுக் கடன்களைப் பத்தித் தனியா எச்சரிச்சார். வேகமா வளருது, சில நிறுவனங்கள் மதிப்பீடு, பணம் எதுக்குப் போகுதுங்கிற கண்காணிப்பு இதிலெல்லாம் விதிகளைச் சரியா பின்பற்றல, இந்தப் பணம் ஊக வணிகத்துக்குப் போகலாம்னார். அடுத்த மாதமே செபி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2022லேருந்து 2024 வரை மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ வர்த்தகம் பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அந்த 93ல் எத்தனை பேர் வீட்டுப் பத்திரம் பேங்க்ல தூங்குதோ.

மாதம் 25, 30 சதவீத வட்டின்னு சொன்ன ஆருத்ரா கோல்டு விவகாரத்தையும் மறந்துடாதீங்க. 2022ல் வழக்கானது. பொருளாதாரக் குற்றப்பிரிவுக் கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க, 2,438 கோடி. டாப்-அப் பணம் கைக்கு வந்த மறுநாள் இந்த மாதிரி ஆட்கள்தான் முதல்ல வீட்டுக்கு வருவாங்க, எப்படித்தான் தெரியுமோ.

சரி, எடுங்கன்னு யாருக்குச் சொன்னேன்?

மனை ஏற்கெனவே தன்னுது. மேலே தளம் போட அனுமதி, அஸ்திவாரத்துக்குத் தெம்பு ரெண்டும் இருக்கு. 600 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 வச்சா 13.8 லட்சம். ரெண்டு போர்ஷன், தலா 6,000. வருஷத்துக்கு 1.44 லட்சம். போட்ட பணத்துக்கு 10.4 சதவீதம். அதே ஊர், அதே பேங்க். ஆனா 3.3க்குப் பதிலா 10.4, ஏன்னா மனைக்கும் பத்திரத்துக்கும் திரும்பக் காசு கொடுக்கல. காலி மாதங்களைக் கழிச்சா இதுவும் கடன் வட்டிக்குக் கொஞ்சம் கீழேதான் நிக்கும், ஆனா பழைய போர்ஷன்களோட வாடகை அந்தச் சின்ன இடைவெளியை வலிக்காம தாங்கும். கடன் சின்னது, பழைய ஹோம் லோனைத் தொடத் தேவையில்லை. வருமான வரியிலும், வீடு கட்ட, வாங்க, பழுது பார்க்க வாங்கின கடனோட வட்டியைத்தான் வாடகை வருமானத்துல கழிக்கலாம். அதே டாப்-அப்பை எடுத்துப் பங்குல போட்டா அந்தச் சலுகை வாடகையில கிடைக்காது. புது வரி முறையில இருந்தா, வீட்டு வாடகையில வர்ற நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்கவும் முடியாது. ஆடிட்டர்கிட்ட ஒரு மணி நேரம் உட்காருங்க. கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிற பணம் லோன் அக்கவுன்ட்லேருந்து நேரா போகட்டும், கையில் எடுத்துக் கொடுத்தா நிரூபிக்க முடியாது.

இதுக்கும் எனக்குச் சில நிபந்தனை உண்டு. வட்டி ரெண்டரை ஏறி, வருஷத்துல ரெண்டு மாதம் காலியா இருந்தாலும் மொத்த வாடகைக்குள்ள மொத்த இ.எம்.ஐ. அடங்கணும். கடைசித் தவணை அறுபது வயசுக்கு முன்னாடி. ஆறு மாத இ.எம்.ஐ. எஃப்.டி.யில, யார் கேட்டாலும் தொடக்கூடாது. கடன் தொகைக்குச் சமமா ஒரு டேர்ம் இன்சூரன்ஸ், அதுவும் நீங்களே வெளியில எடுத்தது. பேங்க்ல லோனோட சேர்த்து ஒரே பிரீமியமா நீட்டறதை எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. குடியிருக்கிற வீடும் வாடகைக் கட்டடமும் ஒரே பத்திரத்துல இருந்தா நான் இன்னும் ரெண்டு தடவை யோசிக்கச் சொல்லுவேன், ஏலம் வந்தா வாடகைக்கு விட்ட மாடி மட்டும் தனியா போகாது.

அங்கீகாரம் இல்லாத மனைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம பக்கம் பழைய லேஅவுட் நிறைய. 2017 வரன்முறைத் திட்டத்துல சரி பண்ணாத மனைக்கு பேங்க் கை விரிக்கும், தனியார் நிதி நிறுவனம் 14, 16 சதவீதத்துக்கு வரவேற்கும். அந்த வட்டிக்கு வாடகை வீடு எதுவும் கட்டுப்படியாகாது. கேள்வியே வேண்டாம்.

ஏற்கெனவே எடுத்துட்டேன், இப்போ என்ன பண்றதுன்னு கேட்கிறவங்களுக்கு: பயந்து எதையும் விக்காதீங்க, முதல்ல லோன் ஸ்டேட்மென்ட் எடுங்க. இ.எம்.ஐ.யைப் பார்க்காதீங்க, மிச்சம் எத்தனை தவணைன்னு பாருங்க. வட்டி மாறும்போது இ.எம்.ஐ. ஏறணுமா, வருஷம் நீளணுமா, நிலையான வட்டிக்கு மாறணுமான்னு வாடிக்கையாளர்கிட்ட கேட்கணும்னு 2023 ஆகஸ்ட்லயே ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. உங்களைக் கேட்டாங்களா? கேட்கலைன்னா எழுத்துல கேளுங்க. 2026 ஜனவரி 1லேருந்து அனுமதிக்கிற அல்லது புதுப்பிக்கிற மாறும் வட்டிக் கடன்ல, தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கினது எதுக்கும் முன்கூட்டி அடைக்கிற கட்டணம் கிடையாது. அதனால போனஸ், சீட்டுப் பணம், பையன் அனுப்பறது எது வந்தாலும் அசலுக்குக் கட்டலாம். மேலே சொன்ன 45 லட்சத்துல முதல் வருஷம் மட்டும் 4.44 லட்சம் வட்டிக்குப் போகுது, அசல் குறையறது 1.36 லட்சம். ஆரம்ப வருஷத்துல கூடுதலா கட்டற ஒவ்வொரு பத்தாயிரமும் கடைசியில கிட்டத்தட்ட ஒரு மாதத் தவணையைச் சாப்பிடும்.

அந்த 30 லட்ச ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துட்டு, இன்னும் பத்திரம் ஆகாம இருக்கிறவங்க, அட்வான்ஸ் போனா போகட்டும்னு விட்டுட்டு வர்றதுக்கு எவ்வளவு செலவு, உள்ளே போறதுக்கு எவ்வளவு செலவுன்னு ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதிப் பாருங்க. ரெண்டு லட்சம் அட்வான்ஸை விட மனசு வராம, 15 வருஷம் கட்டறவங்க இந்த ஊர்ல இருக்காங்க.